ஏரிக்குள் ஒரு நாள் வாருங்கள்

ஊராட்சி வேலைகளுக்குச் செயலி வடிவமைக்கும் அதிகாரிகளுக்கும் மென்பொருள்காரர்களுக்கும், வணக்கம்.

நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவள். 2023 ஜனவரி 1 முதல் பொது வேலை நடக்கும் எல்லாப் பணித்தளங்களிலும் வருகைப் பதிவு செல்போன் செயலியில்தான் என்றானபோது எனக்குச் சந்தோஷமே. வராதவர் பெயருக்கும் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் டிக் விழும் கதை ஊரறிந்ததுதானே.

வேலைக்கு வந்தவர்களைத் தினமும் இரண்டு முறை படம் எடுக்க வேண்டியிருந்தது. வெயிலில் திரை தெரியாது; முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு அதன் நிழலில் பார்ப்பேன். மண் வெட்டும் ஏரிக்குள் சிக்னல் கிடையாது. கரை மேல் ஏறி போனைத் தூக்கிப் பிடித்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனும் என்னுடையது, ரீசார்ஜும் என்னுடையது. தன் பங்கை வெட்டி முடித்துவிட்ட பாட்டி ஒருவர் இரண்டாவது படத்துக்காக உட்கார்ந்திருப்பார். "ஏங்கண்ணு, காலைல புடிச்ச மூஞ்சிதானே, அதுக்குள்ள மாறியா போயிருக்கும்?"

சரி, படம் ஏறிவிட்டது. கூலி வந்துவிடுமா? தலையை எண்ணினால் மட்டும் போதாது, வெட்டிய மண்ணை அளக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம். ஓவர்சியர் டேப்போடு வருவதற்குள் ஒரு மழை பெய்துவிட்டால் குழியில் தண்ணீர் நிற்கும். அப்புறம் ஆழம் என்பது வாய்ப்பேச்சுதான். எங்கள் சண்டை முழுக்க அந்தக் குழியோரத்தில்தான். அங்கே உங்கள் செயலி எட்டிப் பார்க்கவே இல்லை.

பழைய படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்கள் வருகின்றன என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. அதற்கு மருந்தாகச் சொன்னது, ஊராட்சி அளவில் ஒவ்வொரு படத்தையும் ஆள் உட்கார்ந்து சரிபார்ப்பது. ஆளை நம்பாமல் கொண்டுவந்த செயலிக்குக் காவல் மறுபடியும் ஆள்தான்!

அடுத்த செயலியைக் குழியிலிருந்து தொடங்குங்கள். அன்றன்று டேப்பைப் பிடித்து, எண் தெரிகிற மாதிரி நாங்கள் படம் ஏற்றுகிறோம். ஓவர்சியர் வந்து அதைச் சரிபார்க்கட்டும். அந்த அளவுக்கு எவ்வளவு கூலி என்று மாலைக்குள் தமிழில் காட்டட்டும்.

அதற்கு முன் ஒரு நாள், மே மாதம் பதினோரு மணி வாக்கில் ஏரிக்கு வாருங்கள். உங்கள் போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். என்னுடையதைத் தருகிறேன், கொஞ்சம் கீறல் விழுந்த திரை.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் பணித்தளப் பொறுப்பாளர்