மருந்தடிக்கும் முன் ஒரு படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் சமையலுக்கு இடம் இருக்கிறது, ராசிபலனுக்கும் இடம் இருக்கிறது. வாசகர்கள் வீட்டிலும் கொல்லையிலும் எடுக்கிற பூச்சிப் படங்களுக்கு ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். சிரிக்காமல் கொஞ்சம் படியுங்கள்.

நான் இருப்பது சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில். மழை விட்ட ராத்திரியில் வாசல் விளக்கைப் போட்டால் போதும், என்னென்னவோ வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். யாராவது நடுங்குகிற கையோடு அதைப் படம் எடுத்துப் புலனக் குழுவில் போடுவார்கள், படத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும், உடனே ஒருவர் "விஷப்பூச்சி, அடிச்சிடுங்க" என்பார், இன்னொருவர் எங்கிருந்தோ வந்த குரல்பதிவை அனுப்பி இது கடித்து யாரோ செத்தே போனார்கள் என்பார், மறுநாள் கடையில் பூச்சி மருந்து டின் வாங்க ஆள் நிற்கும். அது என்ன பூச்சி என்று மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியாது.

தெரியாமல் அடிப்பதே சில நேரம் வினை. சார்லி என்றும் செமுட் செமாய் என்றும் இங்கே ஒரு பூச்சியைச் சொல்கிறார்களே, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, பார்க்க எறும்பு மாதிரி, ஆனால் அது வண்டு இனம். கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊர்ந்ததும் பட்டென்று அடித்து நசுக்குகிறோமே, அப்போதுதான் அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு நம் தோலில் படுகிறது. ஒரு நாள் கழித்து எரிச்சலும் கொப்புளமும் கிளம்பும், அக்கி என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இதே வண்டு வயலில் நெல்லைக் கெடுக்கும் சின்னப் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றும் செய்யாததை அடிப்பதும் நடக்கிறது. சமையலறைக் கழிவை மக்கவைக்கும் வாளியைச் சுற்றிக் கறுப்பாக, ஒல்லியாக, குளவி என்றே நினைக்கும்படி ஒன்று பறக்கும். அது ஒரு வகை ஈ. அதற்குக் கொடுக்கே கிடையாது, அதன் புழுக்கள்தான் வாளியில் உள்ளதைத் தின்று எருவாக்குகின்றன. அப்புறம், குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில் வெள்ளரி விதை போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டு மெல்ல நகருமே, அது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தூசியையும் மணலையும் தன் பட்டு நூலால் சேர்த்துப் பை கட்டிக்கொண்டு உள்ளேயே குடியிருக்கும், இரண்டு முனையிலும் வாசல், எந்தப் பக்கமும் தலையை நீட்டும். சிலந்தி வலையும் உதிர்ந்த முடியும்தான் அதற்குச் சாப்பாடு. சிமெண்டுத் தூள் என்று பெருக்கித் தள்ளுகிறோம்.

குளவிக்கு மட்டும் நம் வீடுகளில் ஒரு சலுகை உண்டு. மண்கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று பாட்டிமார் சொல்லி வைத்ததால் அந்தக் கூட்டை யாரும் உடைப்பதில்லை, நல்லதுதான். ஆனால் குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்ற கதையை, அந்தக் கூட்டைத் தினமும் ஒரு படம் எடுத்து வைப்பவர்கள் நம்ப மாட்டார்கள். புழுவைக் கொட்டி அசையாமல் ஆக்கி உள்ளே வைத்து, முட்டையும் இட்டு, மண்ணால் மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து குளவியாக வெளியே வருகிறது. உள்ளே போன புழு போனதுதான்.

கறிவேப்பிலை இல்லாத தமிழ் வீடு இந்த ஊரில் குறைவு. அதன் இலையில் பறவை எச்சம் என்று ஏமாறும்படி கிடக்கும் புழு, சில நாளில் பச்சையாக மாறும், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். விட்டுவைத்தால் கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட பட்டாம்பூச்சி. மலேசியாவின் தேசியப் பட்டாம்பூச்சியான ராஜா புரூக்கைப் பார்க்கக் கோப்பெங் பக்கம் உலு கெரோவுக்குக் கார் எடுத்துப் போகிறவர்களுக்கு, அதே குடும்பத்துப் பட்டாம்பூச்சி தங்கள் கறிவேப்பிலையில் வளர்வது தெரிவதில்லை.

இதைவிட எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. அம்மா காலத்துச் செம்பனைத் தோட்டத்தில் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து பெண்பூவில் தூவ ஆட்கள் இருந்தார்கள், அது ஒரு தனி வேலை, அதற்குக் கூலி. 1981-இல் கேமரூனிலிருந்து, அந்த மகரந்தத்தைப் பூவுக்குப் பூ தானே சுமந்து போகும் ஒரு குட்டி வண்டைக் கொண்டுவந்து ஜோகூர் குளுவாங்கில் விட்டார்கள், அது பரவப் பரவ அந்த வேலையே இல்லாமல் போனது. நீளம் 3, 4 மில்லிமீட்டர்தான். ஆண்பூ விரிந்து சோம்பு வாசம் வரும்போது கிட்டே போய்ப் பாருங்கள், கூட்டம் கூட்டமாக மொய்த்துக் கிடக்கும். இத்தனை குடும்பங்களின் பிழைப்பை மாற்றிய பூச்சி, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதன் படத்தையாவது பார்த்திருப்பார்கள்? தோட்டச் சாலை ஓரத்தில் மஞ்சளாகப் பூக்கும் டர்னேராவை அழகுக்கு வைத்ததாக நினைக்கிறோம். செம்பனை ஓலையைத் தின்னும் பைப்புழுவை ஒழிக்கிற சின்னக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றுதான் அதை நடுகிறார்கள். செடியைக் கிள்ளிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்று பூவைப் படம் எடுத்தால் அந்தக் குளவியும் அதில் மாட்டும்.

சரி, படம் எடுப்பது. பெரிய கேமரா வேண்டாம், கைப்பேசியும் பொறுமையும் போதும். காலையில் பசியாறப் போகும் முன்னே எடுங்கள், குளிர் விடாத நேரத்தில் பூச்சி மந்தமாக இருக்கும். நம் நிழல் மேலே விழுந்தால் பறந்துவிடும், அதனால் பக்கவாட்டில் மெல்லப் போய், தூரத்திலிருந்தே முதல் படத்தை எடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வோர் அடியாக நெருங்குங்கள். ஜூமை இழுக்காதீர்கள், படம் குழம்பும், எடுத்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். பிளாஷ் கண்ணைப் பறித்தால் மேலே ஒரு டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். ஒரே கோணத்தில் இருபது படம் எடுப்பதைவிட முதுகு, பக்கம், முகம் என்று மூன்று கோணத்தில் எடுப்பது மேல், ஏனென்றால் அடையாளம் எங்கே ஒளிந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவையே எடுத்துக்கொள்ளுங்கள், முதுகில் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு என்றால் அல்போபிக்டஸ் என்ற இனம், யாழ் வடிவில் வளைந்த கோடுகள் என்றால் எஜிப்டி என்ற இனம். ஈயா குளவியா என்ற சந்தேகம் வந்தால் சிறகை எண்ணுங்கள், ஈக்கு ஒரு ஜோடி, குளவிக்கு இரண்டு ஜோடி. பக்கத்தில் ஒரு 10 சென் காசை வைத்தால் அளவு புரியும். எந்தச் செடியில் உட்கார்ந்திருந்ததோ அதையும் ஒரு படம் எடுங்கள், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஓடுகிற பூச்சி என்றால் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் விட்டு எடுத்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் மாதிரிச் செயலிகள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்கின்றன. உதவிதான், ஆனால் அது முதலில் காட்டும் பெயரை அப்படியே நம்பாதீர்கள், அது எந்த நாட்டில் வாழும் பூச்சி என்று பார்த்துவிட்டு, தெரிந்த மனிதர் யாராவது ஒப்புக்கொள்ளும்வரை காத்திருங்கள். சின்ன ஈக்கள் பலவற்றைப் படத்தை வைத்து இன்னதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது, குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

இதற்குத்தான் உங்கள் பத்திரிகை வேண்டும். பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் படித்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், இரண்டு பேரைப் பிடித்தால் வாரம் நாலைந்து படத்துக்குப் பதில் எழுதித் தருவார்கள். படத்துக்குக் கீழே ஊர், தேதி, செடி மூன்றையும் போடுங்கள், வீட்டு முகவரி வேண்டாம். கடிக்குமா, கொட்டுமா, என்ன செய்யலாம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். அடித்து நசுக்கிய பிறகு எடுத்த படத்தை மட்டும் வாங்காதீர்கள், அதில் கால் எது மீசை எது என்றே தெரியாது. தொடங்குவதாக இருந்தால் பள்ளி விடுமுறையில் தொடங்குங்கள், அப்பா அம்மாவின் கைப்பேசி பிள்ளைகள் கையில் அதிக நேரம் இருப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்