பெட்டியில் எண்களைப் போடுங்கள்: ஆயில் ஃபில்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆயில் ஃபில்டர் நிறுவனங்களின் பொறியியல் பிரிவினருக்கு,

வணக்கம். டிராக் ரேஸுக்கு (drag race, நேரான குறுந்தடத்தில் ஓடும் வேகப் பந்தயம்) எஞ்சின்கள் கட்டுகிறவன் எழுதுகிறேன். இந்த மடல் உங்கள் விற்பனைப் பிரிவுக்கு அல்ல. அவர்களிடம் கேட்டால் வண்டியின் வருடத்தையும் மாடலையும் சொல்லுங்கள் என்பார்கள். எங்கள் எஞ்சினுக்கு வருடமும் இல்லை, மாடலும் இல்லை. பிளாக் ஒரு இடத்திலிருந்து வரும், பம்ப் வேறொரு இடத்திலிருந்து வரும், ஆயில் பாதைகளை நாங்களே துளைத்திருப்போம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. "ரேஸிங்" என்று தனியாக ஒரு வரிசை போட்டு, கூடுதல் விலையும் வைத்து விற்பது எங்களுக்காகத்தானே.

சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டம் முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றி, கட்டரால் மூடியை அறுத்து, உள்ளே ஆயிலை வடிகட்டும் மடிப்பை விரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். இரும்புத் துகள் என்றால் காந்தத்தில் ஒட்டும். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் எஞ்சினின் சுழல் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேல்பூச்சு உரிகிறது. செம்பு நிறம் கண்ணில் பட்டால் அடியடுக்கு வரை தேய்ந்தாயிற்று, அன்றைக்கு வேறு பேச்சே கிடையாது. அந்தத் தடவை அப்படி எதுவும் இல்லை. மடிப்புகள் அவ்வளவு சுத்தம். ஆனால் ஆயில் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்ததால் சந்தேகப்பட்டு மெயின் பேரிங்கைத் திறந்தோம். சுற்றிலும் கீறல், பூச்சுக்குள் பொடிப்பொடியாகப் புதைந்த துகள்கள். ஃபில்டர் செய்ய வேண்டிய வேலையைப் பேரிங் செய்திருக்கிறது.

காரணம், கழற்றிய ஃபில்டரின் உள்ளேயே இருந்தது. முன்பு அதே பார்ட் நம்பரில் வந்ததில் பைபாஸ் வால்வுக்கு, அதாவது திறந்தால் ஆயிலை வடிகட்டாமலே எஞ்சினுக்கு விட்டுவிடும் வால்வுக்கு, கெட்டியான சுருள் ஸ்பிரிங் இருந்தது. இதில் மெல்லிய தகடு ஒன்றே ஸ்பிரிங்காகவும் வால்வாகவும் இருக்கிறது, விரலால் அழுத்தினாலே திறக்கிறது. பெட்டியின் நிறமும் நம்பரும் மாறவில்லை, விலை மட்டும் ஏறியிருந்தது. தயாரித்தவர்களைக் கேட்டேன். "எங்கள் பொருட்களைத் தொடர்ந்து மேம்படுத்தி வருகிறோம்" என்று பதில் வந்தது. நன்றி. எந்தத் திசையில் என்பதையும் சொல்லியிருக்கலாம்.

பைபாஸ் வால்வு பார்ப்பது எஞ்சினின் மொத்த ஆயில் அழுத்தத்தை அல்ல, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை. கேஜில் 90 பிஎஸ்ஐ (psi, அழுத்தத்தின் அளவு) காட்டும்போதும் அந்த வித்தியாசம் சில பிஎஸ்ஐதான் இருக்கலாம். ஆனால் கெட்டியான ஆயில், முழுசாகச் சூடேறாத எஞ்சின், அதிகக் கொள்ளளவு பம்ப், அதன்மேல் 8,000 ஆர்பிஎம் என்று எல்லாம் சேர்ந்தால் வித்தியாசம் சட்டென்று எகிறும். 8 பிஎஸ்ஐயில் திறக்கும் வால்வும் கடையில் இருக்கிறது, 30 பிஎஸ்ஐ வரை தாங்கி நிற்கும் வால்வும் இருக்கிறது. இரண்டும் ஒரே திரெட்டில், ஒரே உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில். எது எது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில எஞ்சின்களில் பைபாஸ் பிளாக்கிலேயே இருக்கும். ஆயில் முழுவதும் ஃபில்டர் வழியாகவே போகட்டும் என்று ரேஸ் எஞ்சினில் அதைப் பலர் அடைத்துவிடுவார்கள். அடைத்த பிளாக்கில் பைபாஸே இல்லாத ஃபில்டரை மாட்டினால் முழு வித்தியாசமும் மடிப்பின் மேல்தான் விழும். நடுக்குழாய் நசுங்கும், மடிப்பு கிழியும், கிழிந்த நார் நேராகப் பேரிங்குக்குப் போகும். பைபாஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். இருக்கிறதா, எத்தனை பிஎஸ்ஐயில் திறக்கும் என்பதை மட்டும் பெட்டியில் போடுங்கள்.

வெடிப்பு அழுத்தமும், அதாவது ஃபில்டர் டப்பா பிளக்கும் அழுத்தமும், அப்படித்தான். அது மொத்த அழுத்தத்தைப் பொறுத்த விஷயம், பைபாஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபில்டர் உப்பிவிட்டது, கேஸ்கெட் பிதுங்கிவிட்டது என்று புகார் சொன்னால் "பம்பின் ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கும்" என்பீர்கள், மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு அது. பெரும்பாலும் சரிதான். ஃபில்டர் தானாக அழுத்தத்தை உண்டாக்காது. சரி, அந்த ரிலீஃப் ஸ்பிரிங்கை எந்த எல்லைக்குள் வைக்க வேண்டும்? உங்கள் டப்பா எத்தனை பிஎஸ்ஐ தாங்கும் என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? சாதாரண ஃபில்டர் 200, 300 பிஎஸ்ஐயில் பிளந்துவிடலாம். தடித்த தகட்டில் செய்த ரேஸ் ஃபில்டர் 500ஐத் தாண்டும். இவ்வளவு பெரிய இடைவெளியை ஒரு ஸ்டிக்கரால் மூடிவிட முடியாது.

பின் சக்கரத்துக்கு முன்னால் ஆயில் கொட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி திரும்பிச் சுவரைப் பார்த்துப் போகும். அடுத்துக் காத்திருக்கும் அத்தனை பேரும் தடத்தைத் துடைத்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ நடத்தும் போட்டிகளில் இதற்கு அபராதமும் புள்ளிக் குறைப்பும் உண்டு. அந்த அபராதத்தைக் கட்டுவது ஃபில்டர் செய்தவர் அல்ல.

பெட்டியில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தீப்பிழம்புக்கு இடம் இருக்கிறது, கட்டம் போட்ட கொடிக்கு இடம் இருக்கிறது, "99 சதவீதம் வடிகட்டும்" என்பதற்குப் பெரிய எழுத்தில் இடம் இருக்கிறது. எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99? இருபதா, நாற்பதா? ஃபில்டருக்கு முன்னுள்ள துகள் எண்ணிக்கையைப் பின்னுள்ளதால் வகுத்தால் வருவது பீட்டா; அது 2 என்றால் அந்த அளவுத் துகளில் பாதி தப்பிவிடும், 75 என்றால் 98.7 சதவீதம் பிடிபடும். மைக்ரானைச் சொல்லாத சதவீதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? மெத்தனாலில் ஓட்டுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். எரிபொருளும் ஈரமும் ஆயிலில் கலந்து பாலாகும்போது காகித மடிப்பு ஊறிப் பலவீனமாகிவிடும். உள்ளே இருப்பது காகிதமா, செயற்கை இழையா என்றுகூட அறுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றுக்கும் உதவாத ஹோலோகிராம் ஸ்டிக்கரை மட்டும் எல்லோரும் மறக்காமல் ஒட்டுகிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எந்தச் சோதனையும் செய்யச் சொல்லவில்லை. பைபாஸுக்கு ஐஎஸ்ஓ 4548-2, வெடிப்புக்கு 4548-6, வடிகட்டும் திறனுக்கு 4548-12 என்று சோதனை முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஃபில்டரை வடிவமைக்கிற உங்களிடம் இந்த எண்கள் இல்லாமல் இருக்காது. பைபாஸ் திறக்கும் அழுத்தம், வெடிப்பு அழுத்தம், எத்தனை லிட்டர் ஓட்டத்தில் எவ்வளவு அழுத்தம் இழக்கும், எத்தனை மைக்ரானில் எவ்வளவு பிடிக்கும், இவ்வளவுதான் கேட்கிறோம். பைபாஸ் இல்லையென்றால் "இல்லை" என்று ஒரு சொல் போதும். அப்புறம், உள்ளே எதை மாற்றினாலும் பார்ட் நம்பரின் கடைசியில் ஒரு எழுத்தையாவது மாற்றுங்கள்.

தயவுசெய்து அடுத்த அச்சிலாவது பெட்டியில் எண்களைப் போடுங்கள். அதுவரை உங்கள் ஃபில்டரை ஜோடியாகத்தான் வாங்கப்போகிறேன், ஒன்று அறுத்துப் பார்க்க, இன்னொன்று மாட்ட. விற்பனைப் பிரிவினர் இதைக் கேட்டு மகிழக்கூடும். அவர்களிடம் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
டிராக் ரேஸ் எஞ்சின் கட்டும் ஒருவன்