50 ஹெர்ட்ஸ் வீட்டுக்கு வந்த 60 ஹெர்ட்ஸ் டர்ன்டேபிள்

அனுப்புநர்: பில்லில் உள்ள வாடிக்கையாளர், திருச்சி
பெறுநர்: விற்பனை மேலாளர், இறக்குமதி ஆடியோ பிரிவு, மும்பை

பொருள்: டர்ன்டேபிளைச் சரிசெய்து தரக் கோரியும், இயலாவிட்டால் பணத்தைத் திருப்பித் தரக் கோரியும்

ஐயா,

உங்களிடம் வாங்கிய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் (மோட்டார் பெல்ட் வழியாகச் சுழற்றும் இசைத்தட்டுக் கருவி) நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும். 28 கூட வரவில்லை. காரணம் பின்பக்கத் தகட்டிலேயே இருக்கிறது: 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நீங்கள் கொடுத்த பில்லில் இருப்பதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்தத் தகட்டைப் பாதி மறைத்து உங்கள் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தை உரித்த பிறகுதான் 60 என்ற எண் கண்ணில் பட்டது. தற்செயலாக ஒட்டியதுதான் என்று நம்பவே விரும்புகிறேன்.

இதிலிருப்பது ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை திசை மாறித் திரும்புகிறது என்பது. 60-க்குச் செய்த புல்லியை (மோட்டாரில் பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) நம் 50-இல் ஓட்டினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். நாலரைக் கட்டையில் பாடியவர் இரண்டரைக் கட்டைக்கு இறங்கிவிடுகிறார். தனி ஆவர்த்தனமோ, வித்வான் பாதித் தூக்கத்தில் வாசித்தது போலக் கேட்கிறது. காதை நம்ப வேண்டாம் என்றால், வேகத்தைச் சரிபார்க்கும் கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டைப் பாருங்கள். பழைய சோக் டியூப்லைட்டின் கீழே அதன் 180 கோடுகளும் அசையாமல் நிற்க வேண்டும். இங்கே பின்னோக்கி ஓடுகின்றன. டெஸ்ட் ரெக்கார்டின் 3150 ஹெர்ட்ஸ் ஒலி 2625-ஐ ஒட்டி வருகிறது. இரண்டுக்கும் வீடியோ இணைத்திருக்கிறேன்.

பெட்டியோடு ஒரு டிரான்ஸ்ஃபார்மரை அனுப்பி, இந்திய மின்சாரத்துக்கு ஏற்றபடி மாற்றியாயிற்று என்றீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கும் பையனைக் கேட்டாலே சொல்வான்.

இதை எதற்காக வாங்கினேன் என்பது உங்கள் விற்பனையாளருக்கு நன்றாகத் தெரியும். இதற்கு முன் என்னிடம் இருந்தது ஒரு பழைய டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2. குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில், பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் என்பதால் மின்சாரம் எப்படி வந்தாலும் வேகம் மாறாது. அதில் குறையென்று எதுவும் இல்லை. ஆனால் என் வீடு பஸ் போகும் சாலையை ஒட்டியது. அந்த அதிர்வு எட்டாதபடி பிளாட்டரும் (ரெக்கார்டு வைக்கும் சுழல் தட்டு) டோன்ஆர்மும் (ஊசியைத் தாங்கும் கை) ஸ்பிரிங்கில் மிதக்கும் அமைப்பு வேண்டும், நல்ல மூவிங் காயில் கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய ஒலி வாங்கி) தாங்கும் ஆர்ம் வேண்டும், பெல்ட்டும் பேரிங் எண்ணெயும் பல வருடம் கழித்தும் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். இதோடு அப்கிரேடு வேலையே முடிந்தது, இனி ரெக்கார்டு மட்டும்தான் வாங்குவேன் என்றும் சொன்னேன். அதனால்தான் விலையைப் பற்றிப் பேரம் பேசவில்லை.

இப்போது உங்கள் சர்வீஸ் பிரிவு என்ன சொல்கிறது? தனியாக ஒரு ஸ்பீட் கண்ட்ரோலர் வாங்கினால் அதுவே 60 ஹெர்ட்ஸ் உண்டாக்கித் தரும், அது "நல்ல அப்கிரேடு" என்கிறது. விலை என் பழைய டர்ன்டேபிளை விற்று வந்த பணத்தைவிட அதிகம். கருவி நல்ல கருவிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தவறான மாடலை அனுப்பியது நீங்கள், அதைச் சரிக்கட்டக் காசு கொடுப்பது நானா?

230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டாரையும் அதற்குரிய புல்லியையும், தயாரிப்பாளரின் அசல் பாகங்களாக, உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். அப்புறம், இதன் சீரியல் எண் இந்தியாவில் சர்வீஸுக்குப் பதிவாகியிருக்கிறதா என்பதை எழுத்தில் சொல்லுங்கள். வேறு நாட்டுக்கென்று செய்த பொருள் என்றால், ஐந்து வருடம் கழித்து பேரிங் கேட்டு நான் யாரிடம் போவது? இவை முடியாது என்றால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். பேக்கிங்கும் லாரி வாடகையும் உங்களுடையது.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், மும்பை வர வேண்டியதில்லை. பில், தகட்டின் படம், உங்கள் மின்னஞ்சல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

ஆள் அனுப்புவதானால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். சரியான புல்லியைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வெறும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவதற்கு என்றால் வரவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், தகட்டின் படம், இரண்டு வீடியோக்கள்