பேய்ப்பட டிரெய்லரும் நம் பிள்ளைகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் பேய்ப்பட டிரெய்லர் போட்டுக் காட்டுகிறார்களாமே என்று உங்களில் சிலர் போன் செய்து கேட்டீர்கள். சிலர் நேரிலும் வந்தீர்கள். கேட்டது நல்லது. ஆமாம், காட்டினோம். பள்ளியின் திரைப்பட மன்றத்தில், கலை ஆசிரியரும் தமிழாசிரியையும் கூடவே இருக்க, என் அனுமதியோடுதான் நடந்தது. பார்க்க விருப்பமில்லாதவர்கள் நூலகத்துக்குப் போகலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம். சிலர் போனார்கள். அவர்களைக் கேலி செய்யக் கூடாது என்பதையும் அப்போதே கண்டிப்பாகச் சொன்னோம்.

இதை ஏன் செய்தோம் என்றால், பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சின்ன வகுப்பில் ஒரு குழந்தை தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுக்கிறது என்று வகுப்பாசிரியை வந்து சொன்னார். பக்குவமாக விசாரித்ததில், அந்தக் குழந்தை பேய்ப்படம் எதையுமே முழுதாகப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. வீட்டில் யாரோ போனில் பார்த்த டிரெய்லரை எட்டிப் பார்த்திருக்கிறது. அவ்வளவுதான். பல வீடுகளில் இதே கதைதான் என்று மற்ற ஆசிரியர்களும் சொன்னார்கள்.

முழுப் படத்தைவிட டிரெய்லர் குழந்தைகளை அதிகம் ஆட்டிவைக்கக் காரணம் உண்டு. படத்தில் இரண்டு மணி நேரம் கதை ஓடுகிறது. நடுவில் சிரிப்பு வருகிறது, பாட்டு வருகிறது, பேய் யார், ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள், கடைசியில் பெரும்பாலும் ஒரு முடிவும் கிடைக்கிறது. டிரெய்லரில் இது எதுவும் கிடையாது. பயம் உச்சிக்கு ஏறும் இடத்தில் திரை இருண்டு, படத்தின் பெயரும் வெளியாகும் தேதியும் வரும். மீதியைத் தெரிந்துகொள்ளத் தியேட்டருக்கு வா என்பதுதான் அதன் வேலை. பெரியவர்களுக்கு அது விளம்பரம் என்று தெரியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது முடியாத கதை. ராத்திரி விளக்கை அணைத்ததும் மீதியைத் தானே கற்பனை செய்துகொள்கிறது.

போதாக்குறைக்கு, நாம் தேடிப் போகாவிட்டாலும் அது தேடி வருகிறது. 2018 ஆகஸ்டில் ‘தி நன்’ படத்துக்கு யூடியூபில் ஆறு நொடி விளம்பரம் ஒன்று விட்டார்கள். திரையில் வேறு ஒன்றும் இல்லை. போனில் சத்தத்தைக் குறைக்கும்போது வருமே, அந்த வால்யூம் அடையாளம் மட்டும் தோன்றிக் குறைந்துகொண்டே போகும். நம் போனில்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று முகத்தைக் கிட்டே கொண்டு போகும் நேரத்தில், அலறலோடு கன்னியாஸ்திரீ உருவத்தில் ஒரு பேய் முகம் பாயும். வேறு எதையோ பார்க்க வந்தவர்கள் மீதெல்லாம் இது பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அதிர்ச்சியூட்டும் உள்ளடக்கம் பற்றிய விதியை மீறியது என்று யூடியூப் அதை எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், ‘பீட்டர் ராபிட்’ என்ற முயல் படம் பார்க்கக் குழந்தைகளோடு போனவர்களுக்கு, ‘ஹெரிடிட்டரி’ என்ற பயங்கரப் படத்தின் டிரெய்லரைத் தவறுதலாக ஓட்டிவிட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வெளியே ஓடியதாகச் செய்திகள் வந்தன.

நம் ஊர் நிலையையும் சொல்லிவிடுகிறேன். தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2024-இல் வந்த புதிய விதிகளின்படி, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற யுஏ சான்றிதழையே 7+, 13+, 16+ என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் இணையத்தில் ஏறும் டிரெய்லர் அந்த வழியாக வருவதில்லை. பிள்ளைகள் பார்ப்பதோ பெரும்பாலும் இணையத்தில்தான். அதனால் தடை போட்டு மட்டும் காக்க முடியாது, டிரெய்லர் எப்படிப் பயமுறுத்துகிறது என்ற செய்முறையைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

சரி, வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

2013-இல் வந்த ‘தி கான்ஜூரிங்’ படத்தின் முதல் டிரெய்லரை எடுத்துக்கொண்டோம். அதை முதலில் சத்தமே இல்லாமல் ஓட்டினார் கலை ஆசிரியர். ஒரு வீடு, குழந்தைகள், கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டல் வரும் திசையை வைத்துத் தேடும் கண்ணாமூச்சி விளையாட்டு. கடைசியில் இருட்டில் தீக்குச்சி வெளிச்சத்தில் அம்மாவின் முகம். பிள்ளைகள் சாதாரணமாகப் பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். அப்புறம் திரையைத் துணியால் மூடிவிட்டு, சத்தத்தை மட்டும் கேட்கவைத்தார். ஒன்றுமே தெரியாத அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே ஒரு மாணவி காதில் விரலை வைத்துக்கொண்டாள். பின் பெஞ்சில் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். பயம் கண் வழியாக வருகிறது என்றுதான் நினைத்தேன், காது வழியாகத்தான் வருகிறது என்று ஒரு மாணவன் எழுந்து சொன்னான். அன்றைய பாடத்தில் பாதி அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது.

மூன்றாவது முறை ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்திப் பார்த்தோம். அந்தக் கடைசிக் காட்சியில் பின்னணி இசை கிடையாது. மூச்சும், தீக்குச்சி உரசும் சத்தமும்தான். சத்தம் அடங்கும்போது நாம் தானாகவே காதைத் தீட்டிக்கொள்கிறோம். அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் இருட்டை வெறுமனே விட்டிருக்கிறார்கள். நம் கண் முகத்தைப் பார்க்காமல் அந்த இருட்டைத்தான் துழாவுகிறது. அங்கிருந்து இரண்டு கைகள் வந்து கைதட்டுகின்றன. ரத்தம் இல்லை, கோரமான முகமும் இல்லை. தொடக்கத்தில் குழந்தைகளின் விளையாட்டில் கேட்ட அதே கைதட்டல்தான். பார்ப்பவர்கள் தூக்கிவாரிப்போட்டுக் குதிப்பது அந்த அமைதிக்குப் பின்னால் அது வருவதால்தான்.

அறிவியல் ஆசிரியரும் அன்று வந்திருந்தார். திடீர்ச் சத்தத்துக்கு உடல் திடுக்கிடுவது அனிச்சைச் செயல். கண் இமைப்பது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் தொடங்கிவிடுகிறது. மூளை ‘இது சினிமா’ என்று யோசித்து முடிப்பதற்குள் தோள் தூக்கி, கழுத்து சுருங்கிவிடும். இதில் வீரன், கோழை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அவர் சொன்னபோது வகுப்பில் பல முகங்களில் ஒரு நிம்மதி தெரிந்தது. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கிய பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல். உங்கள் வீட்டிலும் அந்தப் பெயரை யாருக்கும் சூட்டாதீர்கள்.

அலறல் பற்றியும் பேசினோம். மனித அலறலில் சத்தத்தின் அளவு நொடிக்கு 30 முதல் 150 தடவை ஏறி இறங்குகிறது, காதுக்குக் கரகரப்பாகப் படும் அந்தத் தன்மைதான் மூளையில் அபாய உணர்வைத் தூண்டும் பகுதியை எழுப்புகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அபாய மணிகளிலும் இதே கரகரப்பு உண்டு. டிரெய்லரில் வயலினை வில்லால் அழுத்திக் கீச்சிட வைப்பது ஏன் என்பது இப்போது விளங்கும். 1979-இல் வந்த ‘ஏலியன்’ டிரெய்லரில் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரு முட்டை, அதில் ஒரு விரிசல், உள்ளிருந்து கசியும் வெளிச்சம். அதன்பிறகு சைரன் போல ஓர் ஓலம் திரும்பத் திரும்ப வர, ஓடும் மனிதர்களைத் துண்டு துண்டாகக் காட்டுகிறார்கள். எந்தத் துண்டும் என்ன நடக்கிறது என்று புரியும் அளவுக்கு நிற்பதில்லை. கட் விழும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு கோடு போடச் சொன்னார் ஆசிரியர். சாக்பீஸ் பிடித்த மாணவனால் ஈடுகொடுக்க முடியவில்லை. விண்வெளியில் நீங்கள் அலறினால் யாருக்கும் கேட்காது என்ற அதன் விளம்பர வரியை ஒரு மாணவி நோட்டில் எழுதிவைத்துக்கொண்டாள்.

வேகமாக வெட்டினால்தான் பயம் என்பதும் இல்லை. ‘தி ஷைனிங்’ டிரெய்லர் ஒரே ஷாட். கேமரா அசையாது. எதிரே லிஃப்ட்டின் மூடிய கதவுகள். பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருக்க, இசை கனத்துக்கொண்டே போக, கதவிடுக்கிலிருந்து ரத்தம் வெள்ளமாகக் கொட்டுகிறது. அதை வகுப்பில் காட்டவில்லை, அந்த வயதுக்கு வேண்டாம் என்று ஆசிரியர் வாயால் விவரித்ததோடு விட்டுவிட்டார். 1960-இல் வந்த ‘சைக்கோ’ டிரெய்லர் எனக்கு மிகவும் பிடித்தது. இயக்குநர் ஹிட்ச்காக்கே வந்து, வீடு விற்கும் தரகர் மாதிரி நிதானமாக ஒவ்வோர் அறையாகச் சுற்றிக்காட்டுகிறார். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. இங்கேதான் நடந்தது, அது எப்படி இருந்ததென்றால்... என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுவார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கும்போது ஓர் அலறல். அலறுவது படத்தின் குளியலறைக் காட்சியில் நடித்த ஜேனட் லீ இல்லை, அதே படத்தில் நடித்த வேரா மைல்ஸ். டிரெய்லருக்கென்றே தனியாக எடுத்த காட்சி அது. படத்தில் இல்லாததைக்கூட டிரெய்லரில் வைப்பார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

இன்னொரு உத்தி தெரிந்த பாட்டை மெதுவாக்குவது. 2018 கிறிஸ்துமஸ் அன்று வந்த ‘அஸ்’ டிரெய்லரில், காரில் குடும்பமாகக் கேட்டுத் தலையாட்டும் 1995-ஆம் ஆண்டு ஹிப்ஹாப் பாட்டு ஒன்று போகப்போக இழுபட்டுப் பயங்கரமாக மாறுகிறது. இதைக் கேட்டதும் எங்கள் மாணவி ஒருத்தி, எல்லாக் குழந்தைகளும் பாடும் நிலாப் பாட்டை, வகுப்பில் யாரும் இல்லாத நேரத்தில், தனிக் குரலில், மிக மெதுவாகப் பாடிப் பதிவு செய்துகொண்டு வந்தாள். கேட்டபோது எனக்கே முதுகு சில்லிட்டது.

அதன்பிறகு பிள்ளைகள் தாங்களே டீசர் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். எல்லாம் முப்பது நொடிதான், ஆசிரியரின் போனில்தான். ஒரு குழு ஆய்வகத்துக்குப் பக்கத்திலுள்ள சாமான் அறையை எடுத்தது. பகலில் நூறு தடவை கடந்து போகும் கதவு அது. கேமராவைத் தரையில் வைத்து, கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்துவைத்து, குழாயில் சொட்டும் தண்ணீரைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். ஊஞ்சல் சங்கிலியின் கிரீச் சத்தத்தை வேகம் குறைத்தபோது அது யாரோ முனகுவது போலக் கேட்டது. எங்கே பேயைக் காட்டுவது என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். கடைசியில் காட்டவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்தக் குழுவில் முதல் நாள் நூலகத்துக்குப் போன மாணவி ஒருத்தியும் இருக்கிறாள். கதவுக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தது அவள்தான்.

இப்போது வீட்டு விஷயம். ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்தப் பாடமெல்லாம் வேண்டாம், டிரெய்லரே வேண்டாம். செய்முறையை விளக்கினாலும் அந்த வயதில் பிம்பம்தான் மனதில் தங்கும். தானாக அடுத்த வீடியோ ஓடும் ஆட்டோபிளேயை அணைத்துவையுங்கள். இரவில் படுக்கையில் போனும் இயர்போனும் வேண்டாம். இயர்போனில் வரும் திடீர்ச் சத்தம் காதுக்குள்ளேயே வெடிக்கிறது. அண்ணன், அக்கா போனில் என்ன ஓடுகிறது என்று பக்கத்தில் தம்பி, தங்கை இருக்கும்போதாவது கவனியுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே பார்த்துப் பயந்துவிட்டதா? ‘இதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படு’ என்று சொல்லாதீர்கள். ஏன் பார்த்தாய் என்று அடிக்கவும் வேண்டாம், அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே சொல்லாது. அன்றிரவு கூடப் படுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்து, அதற்கும் சம்மதம் என்றால், மறுநாள் பகலில், வெளிச்சமான இடத்தில், சேர்ந்து உட்கார்ந்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இசை எங்கே நின்றது, கேமரா எங்கே இருந்தது, அந்தக் கதவை யார் இழுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். படத்தில் கதை எப்படி முடிகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் அந்த வயதுக்கு ஏற்றபடி சொல்லிவிடுங்கள். முடிவு தெரிவதே பாதிப் பயத்தைத் தீர்க்கும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், பள்ளிக்கு வர மறுத்தால் உடனே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மருத்துவரையும் பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிடவில்லை என்றால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான் என்று மிரட்டி ஊட்டுவதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், பாட்டி தாத்தாக்களிடமும் சொல்லுங்கள். காலையில் நாமே பேய் உண்டு என்று சொல்லிவிட்டு, ராத்திரி பேயெல்லாம் கிடையாது என்றால் குழந்தை எதை நம்பும்?

மாணவர்கள் எடுத்த டீசர்களை அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தன்று ஸ்மார்ட் வகுப்பறையில் போட்டுக் காட்டுகிறோம். முதலில் சத்தமில்லாமலும், பிறகு சத்தத்தோடும் காட்டி, எப்படி எடுத்தோம் என்று அவர்களே விளக்குவார்கள். சிறு பிள்ளைகளைக் கூடவே அழைத்துவருகிறவர்கள் அந்த நேரத்துக்கு அவர்களை நூலகத்தில் விட்டுவிடுங்கள். கதைப் புத்தகங்களோடு ஓர் ஆசிரியை அங்கே இருப்பார். உங்கள் பிள்ளை இனி இந்த வகுப்பில் கலந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தால் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், காரணம் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்