இரண்டு முறை நனைந்த அரிசி

அன்புள்ள அத்தைக்கு வணக்கம்.

ஓசூரில் மழை எப்படி, முழங்கால் வலி குறைந்ததா என்பதையெல்லாம் தொலைபேசியிலேயே கேட்டுவிடுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்ல வாய் வராத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். 1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஆரணி வீட்டில் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனதே, அதைப் பற்றி. அன்று உங்கள் மேல் பழி விழுந்தது பத்துப் பேர் முன்னிலையில் என்பதால், நானும் பத்துப் பேர் படிக்கும்படியே எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் நம் வீட்டு நோன்புக்குப் பாகு பார்த்தது நீங்கள்தான். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்த நீங்கள் அமாவாசைக்கு மூன்று நாள் முன்பே வந்துவிடுவீர்கள். இரண்டு கிலோ மாவுப் பச்சரிசிக்கு ஒன்றரைக் கிலோ உருண்டை வெல்லம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் கொதிக்கிற பாகிலிருந்து ஒரு சொட்டை எடுத்து, தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் விட்டு, ஆள்காட்டி விரலால் ஓரத்துக்கு ஒதுக்கி உருட்டிப் பார்த்து, ‘இறக்கு’ என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள். கடலை உருண்டைக்கு என்றால் அந்த உருண்டை தட்டில் ‘டங்’கென்று விழ வேண்டும் என்றும், அதிரசத்துக்கு அது சத்தமே போடக் கூடாது, விரலுக்குள் மெத்தென்று நசுங்க வேண்டும் என்றும் நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். விஜயநகர அரசர் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அதிரசப்படி என்று எழுதி, அதற்கு அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு என்று அளந்து வெட்டியிருக்கிறார்களாம். அந்தச் சத்தமில்லாத பதத்தை எந்தக் கல்லில் வெட்டுவது என்று படித்தபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு ஆடியில் மாமா தவறிவிட்டார். கேதார கௌரி நோன்பு சுமங்கலிகள் எடுப்பது என்பதால், இருபத்தொரு அதிரசம், இருபத்தொரு வெற்றிலை, நோன்புக் கயிறு எல்லாம் வைத்துப் படைத்து முடிக்கும்வரை நீங்கள் அடுப்படிக்குள் வரக் கூடாது என்று ஆயா சொல்லிவிட்டார். பெற்ற தாய் சொன்னதைக் கேட்டு, நீங்கள் தோட்டத்துப் பக்கத்துக் கதவின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டீர்கள். அம்மாவுக்கோ பாகு என்றாலே கை நடுங்கும். ஆயா கூடத்துக்குப் போன நேரம் பார்த்து, அம்மா தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, ‘அத்தைகிட்ட காட்டிட்டு ஓடி வா’ என்று என் கையில் கொடுத்தார். நீங்கள் உருட்டிப் பார்த்து, ‘இன்னும் ஒரு கொதி வரட்டும்டா கண்ணு’ என்றீர்கள். இரண்டாவது முறை கொண்டுவந்தபோது தலையை மட்டும் அசைத்தீர்கள். ஆகவே பாகில் குற்றம் இல்லை என்பது அம்மாவுக்கும் எனக்கும் அன்றே தெரியும்.

குற்றம் அரிசியில் இருந்தது, அத்தை. ஊறிய அரிசியை வடித்து, தாழ்வாரத்து நிழலில் பழைய வேட்டியில் பரப்பி, என்னைக் காவலுக்கு வைத்தார்கள். கையில் அள்ளினால் உள்ளங்கையில் இரண்டு மூன்று அரிசி ஒட்டிக்கொள்ள வேண்டும், அந்த ஈரத்தில்தான் இடிக்க வேண்டும் என்று சொல்லியும் வைத்தார்கள். எனக்குப் பட்டாசுக் கடைக்குப் போகும் அவசரம். சீக்கிரம் காயட்டும் என்று வேட்டியோடு முற்றத்து வெயிலுக்கு இழுத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அரிசி கலகலவென்று காய்ந்து கிடந்தது. அடி விழுமே என்ற பயத்தில், ஒரு சொம்புத் தண்ணீரைத் தெளித்துப் பிசிறிவிட்டு, பழையபடி நிழலுக்கு இழுத்து வைத்தேன். தொட்டுப் பார்த்த ஆயா ஈரம் இருக்கிறது என்று உரலுக்கு அனுப்பிவிட்டார்.

பிற்பாடுதான் எனக்கே விளங்கியது. ஊறவைத்த அரிசியில் ஈரம் நடுவரை இறங்கியிருக்கும். காய்ந்த அரிசியில் தெளித்த தண்ணீர் தோலோடு நின்றுவிடும். அதை இடித்தால் மாவு ஒரு பக்கம் நொய்யாகவும் ஒரு பக்கம் பசையாகவும் வரும், அந்த மேல் தண்ணீர் நல்ல பாகையும் இளக்கிவிடும். இரண்டு நாள் பானையில் மூடி வைத்தும் அந்த மாவு சேரவில்லை. வாழையிலையில் நெய் தொட்டுத் தட்டி, காய்ந்த கடலை எண்ணெயில் அம்மா போட்டார். முதல் அதிரசம் உப்பி மேலே வந்தது, ஓரம் நுரைத்தது, ஜல்லிக்கரண்டி பட்டதும் நான்காகப் பிரிந்து, சட்டி முழுவதும் கருகிய துகளாகச் சுழன்றது. இரண்டாவதும் அப்படியே. பக்கத்து வீட்டுப் பெண்களும் சித்திகளும் சுற்றி நிற்க, ‘யார் கண்ணு பட்டுச்சோ, யார் நெழல் விழுந்துச்சோ’ என்றார் ஆயா. யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் தோட்டத்துக் கதவைப் பார்த்தார்கள்.

அம்மா பேசவில்லை. பாகை உங்களிடம் காட்டினேன் என்று சொன்னால் பழி இன்னும் இறுகும் என்று அவர் பயந்திருக்க வேண்டும். அதற்காக அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாதா? அடுத்த தெருவிலிருந்து கடனாக வந்த இருபத்தொரு அதிரசத்தை வைத்து அந்த ஆண்டு நோன்பு முடிந்தது.

அன்று மாலை உதிர்ந்த துண்டுகளை ஒரு அலுமினியத் தட்டில் போட்டு உங்களிடம் கொடுத்துவரச் சொன்னார்கள். நீங்கள் ஒரு துண்டை வாயில் போடாமல் விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தீர்கள். ‘இந்த அரிசி ரெண்டு தரம் நனைஞ்சிருக்கு’ என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, கருகாத துண்டாகப் பொறுக்கி என் கையில் வைத்தீர்கள்.

ஆயா இருந்தவரை உங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் கேட்க எனக்குத் துணிவில்லை. ஓசூரில் உங்கள் அக்கம்பக்கத்தார் இதையே அரிசெலு என்றும் கஜ்ஜாயம் என்றும் சொல்லித் தட்டில் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னீர்கள். நீங்கள் மட்டும் அந்த ஆண்டுக்குப் பிறகு மாவைத் தொடவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது நோன்பு எங்கள் வீட்டில். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பை ஒட்டி உங்களுக்கு நாற்காலி போட்டுவிடலாம், பாகை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் முடிவு. வெல்லம் வாங்கியாயிற்று, வெளுத்த வெல்லம் வேண்டாம் என்பீர்கள் என்று கறுத்ததாகவே பார்த்து வாங்கினேன். அமாவாசைக்கு நான்கு நாள் முன்னதாக வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். அரிசிக்கு இந்த முறையும் நான்தான் காவல்.

உங்கள் அண்ணன் மகன்