பி.எட். ஒரு வருடப் படிப்பு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான சென்ற வாரப் பகுதியில், “டிகிரி முடித்து ஒரு வருடம் பி.எட். படித்தால் டீச்சர் ஆகிவிடலாம், பெண்களுக்குச் சிரமமில்லாத வழி” என்று ஒரு வரி வந்திருந்தது. அதை அம்மா சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வேதியியல் ஆசிரியராக வேண்டும் என்று ஏழு வருடம் படித்தவள் நான்.

பி.எட். இரண்டு வருடமானது 2015-இல். தாங்கள் அறியாததல்ல. பி.எஸ்ஸி. மூன்று, எம்.எஸ்ஸி. இரண்டு, பி.எட். இரண்டு. அதோடு முடிந்ததா? முதுகலை ஆசிரியர் தேர்வில் 150 கேள்விகள். வேதியியலில் 110, கல்வியியலில் 30, பொது அறிவில் 10. தனியாக நடக்கும் தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் அந்த 150 கேள்வித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பட்டதாரி ஆசிரியர் ஆகலாம் என்றால் முதலில் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. அதில் தேறினாலும் 2018-இல் வந்த அரசாணை 149-இன்படி இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். பள்ளியிலிருந்து பி.எஸ்ஸி. வரை தமிழ்வழியில்தான் படித்தேன். நான் சேர்ந்த கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அந்த இரண்டு வருடத்தால் முதுகலைத் தேர்வில் அந்த ஒதுக்கீடு எனக்குக் கிடையாது. எத்தனையோ பேருக்கு இந்தக் கதிதான். இதைப் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு வரி பார்த்த நினைவில்லை. நீட் வினா விடை மட்டும் வாரம் தவறாமல் வருகிறது.

‘சிரமமில்லாத வழி’ என்று எழுதியவர் ஒரு நாள் எங்கள் பக்கம் வந்திருக்கலாம். பி.எட். கற்பித்தல் பயிற்சிக்கு நான் போனது சாத்தூர் பக்கம் ஒரு பள்ளி. ஆய்வகக் குழாயில் தண்ணீர் வராது. திரவம் அளக்கும் பியூரெட்டின் திருகு சுற்றாது. அலமாரியில் பாதிப் புட்டிகளில் லேபிள் இல்லை. வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்த்தான் பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு செய்து காட்டினேன். பேரியம் உப்பில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குழைத்து, கண்ணாடிக் குச்சியில் எடுத்துச் சுடரில் காட்டினால் பச்சை தெரியும். அன்று அதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கேட்டாள், “டீச்சர், பச்சை மத்தாப்புல போடுற மருந்து இதுதானா?” அவளுடைய அப்பாவுக்குப் பட்டாசு வேலை. அடுத்து, “மருந்து ஏன் தேய்ச்சாலே வெடிக்குது?” என்றாள்.

அன்று பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். குளோரேட் என்ற உப்பும் கந்தகமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் லேசான உரசலே போதும், வெளியிலிருந்து நெருப்பு வேண்டியதில்லை, அதனால்தான் இரண்டையும் கலக்கவே கூடாது என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. அவர்களில் பல பேருடைய வீட்டில் யாராவது ஒருவர் அந்த வேலைக்குப் போகிறவர்தான். “மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு” என்று நீங்களும்தான் வருடா வருடம் செய்தி போடுகிறீர்கள். அந்த உராய்வு என்ன செய்கிறது என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேதியியல் தெரிந்த ஒருவர் வகுப்பில் நிற்க வேண்டும் ஐயா. அதற்காகப் படிப்பதைத்தான் சிரமமில்லாத வழி என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்று நான் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படிக்கிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் தொட முடிகிறது. இனி பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்கள் இதழைக் காட்டி, “ஒரு வருடப் படிப்புதானே, இன்னும் ஏன் வேலை கிடைக்கவில்லை” என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது, பி.எட். இரண்டு வருடப் படிப்பு என்று திருத்தம் போடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்