இடவலம் மாறி அச்சான குவனபரா விரிகுடா ஓவியம்: புகார்

அனுப்புநர்:
ஓவிய ஆசிரியை, மதுரை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தவறாக அச்சிடப்பட்ட ஓவியப் பிரதியை மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ரியோ டி ஜெனிரோவின் குவனபரா விரிகுடா முகப்பைக் கடலிலிருந்து பார்த்தவாறு ஆஸ்திரிய ஓவியர் தாமஸ் எண்டர் தீட்டிய நீர்வண்ண ஓவியத்தின் அச்சுப்பிரதியை, மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்துவதற்காக, கடந்த மாதம் 3-ஆம் தேதி தங்கள் இணையதளத்தில் ரூ.4,800 செலுத்தி வாங்கினேன். 12 நாள் கழித்து வந்து சேர்ந்த பிரதியில் படம் முழுவதும் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது.

தெற்கு நோக்கித் திறந்திருக்கும் அந்த விரிகுடாவுக்குள் கப்பலில் நுழைபவருக்கு, 396 மீட்டர் உயரமுள்ள சுகர்லோஃப் குன்று இடப்பக்கமும் சாந்தா குரூஸ் கோட்டை வலப்பக்கமும் தெரியும். தங்கள் தளத்திலுள்ள படத்திலும் அப்படியே இருக்கிறது. எனக்கு வந்ததிலோ குன்று வலப்பக்கம் நிற்கிறது.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, மலை எந்தப் பக்கம் இருந்தாலும் அழகு குறையாது என்று தங்கள் ஊழியர் பதிலளித்தார். அந்தப் பதில் என்னை மிகவும் வருத்தியது. ஆஸ்திரியப் பேரரசரின் மகள் லியோபோல்டினா மணமுடித்து பிரேசில் சென்றதையொட்டி 1817-இல் அனுப்பப்பட்ட அறிவியல் குழுவோடு, அந்நாட்டைக் கண்ணால் கண்டவாறே பதிவு செய்வதற்கென்றே 23 வயது எண்டர் சென்றார். மறு ஆண்டே உடல்நலம் குன்றித் திரும்ப நேர்ந்தபோதிலும், எழுநூறுக்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார். புகைப்பட முறை 1839-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், வியன்னா நுண்கலைக் கழகம் இன்றும் அவற்றைப் பாதுகாத்து வருவதன் காரணம் விளங்கும். அப்படிப்பட்ட பதிவை இடவலம் மாற்றினால், அது உலகில் எங்குமே இல்லாத ஒரு கரையாகிவிடுகிறது.

வண்ணத்திலும் குறை உண்டு. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளைத் தீண்டாமல் விட்டுவைப்பது நீர்வண்ணத்தின் வழக்கம். நான் கற்பிக்க நினைத்ததும் அதைத்தான். தங்கள் பிரதியில் தொடுவானத்தை ஒட்டிய அந்த வெளிறிய பட்டை முழுக்க அடர்நீலம் ஏறியிருக்கிறது; தூரத்து மலைகளும் அருகிலுள்ள பாறைகளும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால், ஈரக் காற்றின் மங்கல் அடியோடு காணாமல் போய்விட்டது.

ஆகவே, சரியான திசையிலும் வண்ணத்திலும் அச்சிட்ட புதிய பிரதியை 15 நாட்களுக்குள் அனுப்பும்படியோ, இயலாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தரும்படியோ கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். இதே கோப்பிலிருந்து அச்சிட்ட பிரதிகள் வேறு எவருக்கேனும் சென்றிருந்தால், அவர்களுக்கும் தெரிவியுங்கள்.

பிரதியை அதன் உருளைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். மாலை 5 மணிக்கு மேல் கூரியர் ஊழியரை அனுப்பினால் ஒப்படைத்துவிடுகிறேன். ரசீதும் இரு படங்களின் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.